ரூட் போடும் வேலையை ஏஐயிடம் கொடுக்கும் முன்

2023 ஆகஸ்ட் 9, அமெரிக்காவின் லூயிவில் நகரம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். டிரைவர் பற்றாக்குறையைச் சமாளிக்க, மாவட்டப் பள்ளி நிர்வாகம் பேருந்து ரூட்டுகளை ஏஐ சாப்ட்வேர் வைத்துக் குறைத்து, புதிதாகப் போட்டிருந்தது. அன்று கடைசிக் குழந்தை வீடு போய்ச் சேர்ந்தபோது இரவு மணி 9.58. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கும் மேல் பள்ளிகள் திறக்கவில்லை.

பள்ளிப் பேருந்தோ, கூரியர் வேனோ, பால் வண்டியோ, கணக்கு ஒன்றுதான்: குறைந்த வண்டிகள், பல இடங்கள், குறிப்பிட்ட நேரம். தவறுகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன.

முதலாவது, இழுத்துப் பிடித்த நேரக் கணக்கு. லூயிவில்லில் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை ஒன்பதாகப் பிரித்தார்கள். ஒரு பள்ளிக் குழந்தைகளை இறக்கிவிட்ட பேருந்தே அடுத்த பள்ளிக்கும் ஓடினால் குறைந்த டிரைவர்கள் போதும் அல்லவா? காகிதத்தில் அழகுதான். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஸ்டாப் ஒன்றுக்கு அரை நிமிடம் என்று பதிவு செய்திருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் இறங்க உண்மையில் ஒன்றரை நிமிடம் ஆகிறது. 20 ஸ்டாப்புக்கு 20 நிமிடம் தாமதம். இரண்டாவது ட்ரிப் முடியும்போது 40, மூன்றாவதில் ஒரு மணி நேரம். ஒரு நிமிடத் தப்பு, அவ்வளவுதான். வண்டிகளைக் குறைக்கக் குறைக்க, தப்பை உள்வாங்க இடமே இருக்காது. அதனால் சராசரி நேரத்தைக் கொடுக்காதீர்கள். சராசரி என்றாலே ஏறக்குறைய பாதி நாள் அதைவிட அதிகமாகும் என்றுதான் பொருள். பத்தில் ஒன்பது நாள் போதுமான நேரம் எதுவோ, அதைக் கொடுங்கள். வண்டி ஒன்றிரண்டு கூடுதலாகத் தேவைப்படும். முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இரண்டாவது, செலவைக் குறை என்று மட்டும் கேட்பது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2017-ல் அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளிப் பேருந்து ரூட்டுகளைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். சுமார் 50 பேருந்துகள் குறைந்தன, 50 லட்சம் டாலர் மிச்சம். நல்ல வெற்றி. அப்புறம் அதே முறையில் பள்ளி நேரங்களையும் மாற்றப் போனார்கள். வளரும் பருவத்துப் பிள்ளைகள் காலையில் கூடுதலாகத் தூங்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நோக்கம், நியாயமான நோக்கம். ஆனால் அதற்காகச் சில தொடக்கப் பள்ளிகள் காலை 7.15-க்கே தொடங்க வேண்டியிருந்தது. பகல் ஒன்றேகாலுக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் யார் பார்த்துக்கொள்வது? பெற்றோர் கொதித்துப்போனார்கள். அறிவித்த அதே டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். வேலைக்குப் போகும் தாயின் நேரம் அந்தக் கணக்கில் ஒரு எண்ணாக இல்லை. இது கணிதத்தின் குறை என்று நான் நினைக்கவில்லை. விடை வந்த பிறகு பாதிக்கப்படுகிறவர்களிடம் காட்டினால் சண்டை வரும். கேள்வி எழுதும்போதே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நிபந்தனையாகச் சேர்த்திருக்கலாம்.

டிரைவருக்குத் தெரிந்ததைக் கேட்காமல் விடுவதும் இதே வகைதான். யுபிஎஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் ரூட் போடும் மென்பொருளான ஓரியன் 2016 வாக்கில் அமெரிக்காவில் சுமார் 55,000 ரூட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுக்கு 10 கோடி மைல் மிச்சம் என்கிறது அந்த நிறுவனம். அதிலேயே, தூரம் குறைவது மட்டும் போதாது, டிரைவருக்குப் பழகிய வரிசையையும் ஓரளவு காப்பாற்ற வேண்டியிருந்தது. அமேசானும் எம்ஐடியும் 2021-ல் நடத்திய போட்டி இன்னும் சுவாரசியம்: மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, அனுபவமுள்ள டிரைவர் எந்த வரிசையில் போவார் என்று கணிக்கச் சொன்னார்கள். எந்தச் சந்தில் வண்டி நிறுத்த முடியும், எந்தக் கடைக்காரர் பத்து மணிக்கு முன் ஷட்டரைத் தூக்க மாட்டார் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. போட்டுக் கொடுத்த வரிசையை அவர் மீறினால் திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். அடுத்த மாதக் கணக்குக்கு அதைவிட நல்ல தரவு கிடைக்காது.

இப்போது புதிதாக ஒன்று: சாட்பாட்டிடம் முகவரிகளை ஒட்டி, சிறந்த ரூட் போட்டுத் தா என்று கேட்பது. பத்து இடங்களுக்கே 36,28,800 வரிசைகள் உண்டு. பதினைந்து என்றால் 1.3 லட்சம் கோடியைத் தாண்டும். சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரி (language model) தானாக இவற்றை அலசிப் பார்ப்பதில்லை, பார்த்தால் சரி என்று தோன்றும் ஒரு வரிசையை எழுதித் தந்துவிடும். இந்த வேலைக்கென்றே கூகுள் வெளியிட்ட ஓஆர்-டூல்ஸ் போன்ற கருவிகள் இலவசமாக இருக்கின்றன. கலைந்து கிடக்கும் முகவரிகளைச் சீராக்கவும், அந்தக் கருவிக்கு நிரல் எழுதவும் சாட்பாட்டைப் பயன்படுத்துங்கள், அதில் அது கெட்டி.

வரைபடச் செயலி சொல்வது பெரும்பாலும் காருக்கான நேரம், லோடு ஏற்றிய லாரிக்கு அல்ல. சென்னை போன்ற நகரங்களில் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. அதை நாம்தான் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

எல்லா வண்டியையும் ஒரே திங்கட்கிழமை மாற்றாதீர்கள். ஒரு டிப்போ அல்லது ஐந்தாறு வண்டி போதும். அதற்கும் முன்னால் ஒரு மாதம் பழைய முறையிலேயே கிலோமீட்டர், டீசல், ஒவ்வொரு இடத்திலும் நின்ற நேரம் மூன்றையும் ட்ரிப் ஷீட்டில் ஒழுங்காகக் குறியுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான், 20 சதவீதம் மிச்சம் என்று வருகிற விற்பனையாளரிடம் எதிலிருந்து 20 சதவீதம் என்று கேட்க முடியும்.