டிசைன் படிக்கும் பிள்ளைக்கு கம்ப்யூட்டர்: கடையில் எங்கே ஏமாறுகிறோம்

கல்லூரி திறக்கும் சமயத்தில் வேலூர், காட்பாடி கடைகளில், பீஸ் கட்டிய கையோடு கம்ப்யூட்டரும் வாங்க வந்த பெற்றோரைப் பார்க்கலாம். பிள்ளைக்கு வரைபடம் வரையும் ஆட்டோகேடும், முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரும் ஓட வேண்டும், கேமும் ஆட வேண்டும். "ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடுகிறார்கள். இந்த மூன்றை மட்டும் வைத்து அந்தப் பெட்டி எப்படி ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐ7, ஐ3 என்பவை இன்டெல் பிராசஸர்களின் வரிசைப் பெயர்கள். ஐ7 என்றால் எத்தனையாவது தலைமுறை? 2013இல் வந்த ஐ7-4770க்கும் 2022இல் வந்த ஐ3-12100க்கும் நான்கு கோர்கள்தான் (கோர் என்பது பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனிப் பகுதி). ஆனால் ஒவ்வொரு கோரின் வேகத்திலும் அந்த ஐ3 வெகுதூரம் முந்திவிடும். ஆட்டோகேடில் வரையும் வேலை பெரும்பாலும் ஒரே கோரை நம்பித்தான் நடக்கிறது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய ஐ7 பெட்டியை மலிவு என்று வாங்குவது எனக்குச் சற்றும் பிடிக்காத யோசனை. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

"4 ஜிபி கிராபிக்ஸ்" இன்னும் மோசம். ஜிடி 730 என்ற சாதாரண கிராபிக்ஸ் கார்டிலும் 4 ஜிபி நினைவகம் கிடைக்கிறது; திரையில் படம் காட்டுவதைத் தாண்டி அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. கார்டின் பெயரை முழுதாகக் கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

எவரும் திரும்பிப் பார்க்காத பொருள், பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். "450 வாட்" என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 20 ஆம்பியர் என்றிருந்தால், அந்த வழியில் கிடைப்பது 240 வாட்தான். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் முக்கியமாக அதிலிருந்துதான் மின்சாரம் போகிறது. ரெண்டர், அதாவது வரைந்த உருவத்தை முழுப் படமாக்கும் வேலை, நடக்கும்போது நடுவே பெட்டி அணைந்துவிடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். இதில் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது நம் ஊர் வெயில். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. ஏசி இல்லாத மாடி அறையில் வெப்பம் 10 டிகிரி கூடினால், கேபினட்டுக்குள்ளும் ஏறத்தாழ அதே அளவு கூடும். சூடு எல்லை மீறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வீண். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, உள்ளே வண்ண விளக்கு எரியும் கேபினட் அழகுதான். காற்று எந்த வழியாக உள்ளே போகும்? வலைபோன்ற முகப்பும், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மின்விசிறிகளும் உள்ளதாகப் பாருங்கள்.

ராம் 16 ஜிபி என்றால் ஒரே துண்டாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். மானிட்டர் ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பார்க்கும் கோணம் மாறினாலே நிறமும் மாறித் தெரியும்.

வீட்டில் மாட்டும்போதும் ஒரு தவறு நடக்கிறது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, கேம் திணறுகிறதே என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். அதைக் கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், விண்டோஸ் அதை 60இலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம். டிஸ்பிளே அமைப்பில் போய் 144க்கு மாற்றிவிடுங்கள்.