பழகிய காது உள்ளதை உள்ளபடி கேட்கிறதா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

சமூகம் பழக்கிவிட்ட புலன்களால் புறவுலகை உள்ளபடி அறிய முடியுமா என்ற கேள்வியை வெறும் வாதமாக விடாமல், கொழும்பில் வசிப்பவர்கள் ஒரு மாலைப்பொழுதில் தாமே சோதித்துப் பார்க்கலாம். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அயலவர் ஒருவரும், அம்மொழி அதிகம் பழகாத தமிழர் இருவர் மூவரும், ஒலிப்பதிவுக்கு ஒரு கைபேசியும் போதும்.

சிங்களத்தில் மரத்தின் தண்டைக் குறிக்கும் சொல்லும் மலையைக் குறிக்கும் சொல்லும் தமிழ்க் காதில் பெரும்பாலும் 'கந்த' என்றே விழும். முதலாவதில் மூக்கொலி தொட்டும் தொடாமலும் மறைய, இரண்டாவதில் அது நின்று ஒலிப்பதால், சிங்களவர் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. அயலவர் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்திற்கேற்ப ஒரு சொல்லை ஒலித்து, அதைக் குறித்து வைக்கட்டும்; கேட்டது எந்தச் சொல் என்று தமிழர் தனித்தனியே எழுதட்டும்; இப்படி 20 தடவை. சரியான விடைகள் 10ஐ ஒட்டியே இருந்தால் கேட்டவர் ஊகித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

கேட்பவர்கள் வாய் திறக்குமுன் விடையை எழுதிவிட வேண்டும். இதில் சலுகை கூடாது. உளவியலாளர் சொலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட ஆய்வில், கோடுகளின் நீளத்தைக் கூட்டத்தினர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. கண்முன் கிடந்த கோட்டுக்கே அந்தக் கதி.

அடுத்து முறையை மாற்றி, தமிழர் 'பல்லி', 'பள்ளி' என்று ஒலிக்க அயலவர் எழுதட்டும். இப்போது திணறுவது பெரும்பாலும் அவராக இருக்கும். (ழகரத்தை இதற்கு எடுக்க வேண்டாம்; நம்மில் பலர் அதை ளகரமாகவே ஒலிக்கிறோம்.) பிறவிக் காதில் குறையில்லை. ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் பிரித்தறிந்த இந்தி ஒலிகளை ஒரு வயதை நெருங்கும்போது பிரித்தறியத் தவறுவதை உளவியலாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டினர்.

பின்னர் அயலவர் ஒலித்த இரு சொற்களின் பதிவையும் பிராட் என்ற இலவச மென்பொருளில் திறந்து, மூக்கொலி நீடிக்கும் நேரத்தை அளந்து பாருங்கள். கருவியும் மனிதர் செய்ததுதானே என்று கேட்பார்கள். செய்ததுதான், ஆயினும் திரையில் தெரியும் நீள வேறுபாடு பார்ப்பவரின் தாய்மொழிக்கேற்ப மாறுவதில்லை. அந்த வேறுபாட்டைக் கண்டபின் பல குரல்களில் கேட்டுப் பயின்றால், தவறவிட்ட காதும் மெல்ல மெல்லத் தேறும். ஆகவே பயிற்சிக்குப் பிறகு 20 தடவைச் சோதனையை மீண்டும் வைத்து, இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள்.

எவருடைய பேச்சு மரியாதையானது என்பது போன்ற கேள்விகளுக்கு இம்முறை உதவாது. மரியாதை என்பதே மக்கள் தமக்குள் வகுத்துக்கொண்டது என்பதால், அங்கே யார் எதை மரியாதையாகக் கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதலாமே தவிர, அளந்து பார்க்கத் தனியாக ஒன்றும் இல்லை.