ஃப்ரீபிபிஎக்ஸில் வெளியே போகும் அழைப்புகளுக்கு எண்ணை மறைப்பது எப்படி?

ஒரு மருத்துவர் நோயாளியைத் திருப்பி அழைக்கிறார். தன் நேரடி எண் அவர் கைக்குப் போக வேண்டாம் என்கிறார். பெண்கள் காப்பகத்திலிருந்து ஒருவரை அழைக்கும்போது, அவருடைய போனில் காப்பகத்தின் எண் பதிவானால் அவருக்கே ஆபத்து. இப்படி உண்மையான தேவை இருப்பவர்களுக்காக, அமெரிக்க எஸ்ஐபி ட்ரங்கில் (அழைப்புகளை இணையம் வழியே வெளியே கொண்டுபோகும் இணைப்பு) ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸை (ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளின் மேல் இயங்கும் அலுவலக எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) வைத்து இதை விளக்குகிறோம். எக்ஸ்டென்ஷன் (ஒவ்வொருவருடைய உள் இணைப்பு) எண்ணுக்குப் பதில் அலுவலகத்தின் பொது எண் தெரிந்தால் போதும் என்றால் மறைக்கவே வேண்டாம். எக்ஸ்டென்ஷனின் அவுட்பவுண்ட் சிஐடி (வெளியே போகும் அழைப்பில் காட்டும் எண்) கட்டத்தில் பொது எண்ணைப் போட்டால் முடிந்தது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மறைப்பதற்காக எண்ணை அழித்துவிடக் கூடாது. உங்கள் எண் டெலிகாம் நிறுவனத்துக்குப் போயே ஆக வேண்டும். கூடவே "எதிர்முனைக்குக் காட்டாதே" என்ற குறிப்பும் போக வேண்டும். எஸ்ஐபியில் எண் போகும் இடம் பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி தலைப்பு (ஹெடர்), குறிப்பு போகும் இடம் பிரைவசி தலைப்பு. இரண்டும் 2002-இல் வந்த தரநிலைகள் (ஆர்எஃப்சி 3325, 3323). சிஐடி கட்டத்தைக் காலியாக விட்டாலோ, 0000 என்று நிரப்பினாலோ, அழைப்பு யாருடையது என்று தெரியாமல் ட்ரங்க் நிறுவனம் 403 (அனுமதி மறுப்பு) பிழையோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

படி 1: தனி ரூட்

எல்லா அழைப்பையும் மறைக்காதீர்கள். தேவைப்படும்போது மட்டும் *67 அழுத்தி மறைப்பதுதான் நல்லது. அமெரிக்காவில் பலருக்கும் பழகிய குறியீடும் அதுவே. கனெக்டிவிட்டி மெனுவில் அவுட்பவுண்ட் ரூட்ஸ் போய்ப் புதிய ரூட் (அழைப்பு எந்த வழியாக வெளியே போகும் என்ற விதி) ஒன்றைச் சேருங்கள். ரூட் சிஐடி கட்டத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் ஹிடன் (hidden) என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, <2125550142> என்பதுபோல் கோணக் குறிக்குள் உங்கள் எண்ணைப் போடுங்கள். மேற்கோள் குறிக்குள் அந்தச் சொல்லைக் கண்டால்தான் ஆஸ்டரிஸ்க் அழைப்பை 'காட்டத் தடை' என்று குறிக்கும். எண் உங்களுக்கு ஒதுக்கப்பட்டதாகவே இருக்கட்டும். ஓவர்ரைடு எக்ஸ்டென்ஷனை 'யெஸ்' ஆக்குங்கள்.

படி 2: டயல் பேட்டர்ன்

ப்ரிஃபிக்ஸ் கட்டத்தில் *67. மேட்ச் பேட்டர்னில் ஒரு என், இரண்டு எக்ஸ், ஒரு என், ஆறு எக்ஸ், ஆக மொத்தம் பத்து ஆங்கிலப் பெரிய எழுத்துகள். என் என்பது 2 முதல் 9 வரை, எக்ஸ் என்பது 0 முதல் 9 வரை. ட்ரங்க் 11 இலக்கம் கேட்டால் ப்ரிபெண்டில் (எண்ணுக்கு முன்னால் சேர்க்கும் கட்டம்) 1 போடுங்கள். அவசர எண்ணான 911 இந்த ரூட்டுக்குள் வராது, வரவும் கூடாது. ரூட் பட்டியலில் இதை மேலே இழுத்து வையுங்கள்.

படி 3: ட்ரங்க்

பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். சிஐடி ஆப்ஷன்ஸில் ஃபோர்ஸ் ட்ரங்க் சிஐடி இருந்தால் ரூட்டில் நீங்கள் எழுதியது எதுவும் செல்லாது. அலவ் எனி சிஐடி என மாற்றுங்கள். பிஜேசிப் (ஆஸ்டரிஸ்கின் எஸ்ஐபி பகுதி) அட்வான்ஸ்டு பகுதியில் ஃப்ரம் யூசர், ஃப்ரம் டொமைன் இரண்டையும் காலியாக்குங்கள். அங்கே எதையாவது நிரப்பியிருந்தால் ஆஸ்டரிஸ்க் அதற்கே முன்னுரிமை தரும். அனானிமஸ் என்று மாற்றாது. உங்கள் ட்ரங்க் நிறுவனம் ஃப்ரம் யூசர் கட்டாயம் என்றால், பிரைவசி தலைப்பை மட்டும் பார்த்து எண்ணை மறைப்பார்களா என்று அவர்களிடமே கேளுங்கள்.

அதே பகுதியில் சென்ட் ஆர்பிஐடி/பிஏஐ-யில் பிஏஐ-யை (பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி) தேர்ந்தெடுங்கள். அது மட்டும் போதாது. ஆஸ்டரிஸ்கின் ட்ரஸ்ட் ஐடி அவுட்பவுண்ட் அமைப்பும் 'யெஸ்' ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தடை செய்த எண்ணை ட்ரங்குக்கும் சொல்லாமல் ஆஸ்டரிஸ்க் விழுங்கிவிடும். சாதாரண அழைப்பு போகிறது, *67 போட்டால் மட்டும் 403 வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சப்மிட் அழுத்தி, பிறகு சிவப்பு அப்ளை கான்ஃபிக் பொத்தானையும் அழுத்துங்கள்.

படி 4: சோதனை

ஆஸ்டரிஸ்க் கன்சோலில் பிஜேசிப் லாகரை ஆன் செய்துவிட்டு, *67 சேர்த்து உங்கள் செல்போனை அழையுங்கள். ட்ரங்குக்குப் போகும் இன்வைட்டில் (அழைப்பைத் தொடங்கும் எஸ்ஐபி செய்தி) மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: ஃப்ரம் வரியில் அனானிமஸ், பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டியில் உங்கள் உண்மையான எண், பிரைவசியில் ஐடி. மூன்றும் இருந்தும் செல்போனில் எண் தெரிந்தால் கோளாறு ட்ரங்க் நிறுவனத்தின் பக்கம். அந்த இன்வைட்டையே அவர்களுக்கு அனுப்புங்கள். இன்வைட்டே போகவில்லை என்றால், *67-ஐ உங்கள் போனோ ஏடிஏ பெட்டியோ (சாதாரண போனை இணையத் தொலைபேசியோடு இணைப்பது) தன் சொந்தக் குறியீடாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது ப்ரிஃபிக்ஸை வேறு குறியீடாக மாற்றிவிடுங்கள்.

எங்கே மறையாது?

800 போன்ற கட்டணமில்லா எண்களை அழைத்தால், கட்டணம் அவர்களுடையது என்பதால் உங்கள் எண் அவர்களுக்குப் போய்விடும். காப்பகங்கள் இதைக் கட்டாயம் ஊழியர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். அனானிமஸ் அழைப்புகளை ஏற்காத போன்களும் உண்டு. அங்கே மணியே அடிக்காது. விற்பனை அழைப்புகளுக்கு இந்த ரூட்டைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவில் டெலிமார்க்கெட்டிங் செய்பவர்கள் எண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம்.