டாக்கரில் புரோலாக்: மாமா யார் என்று கேட்டால் 'ஃபால்ஸ்' வருகிறதா?

உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்துக் கேள்வி கேட்கும் நிரல்மொழியான புரோலாக் பழக ஆசை. ஆனால் ஒரு வாரம் விளையாடிவிட்டு மறந்துபோகக்கூடிய மொழியை மடிக்கணினியில் நிறுவ மனசு வரவில்லை. அதனால் டாக்கர் என்ற மென்பொருள் தரும் கன்டெய்னரில், அதாவது கணினிக்குள் தனியாக ஒதுக்கிய பெட்டியில், ஓட்டினேன். பிடிக்காவிட்டால் இமேஜை (அந்தப் பெட்டிக்கான அச்சு) அழித்தால் போதும், சுவடே இருக்காது.

டாக்கர் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்வி-புரோலாக் என்ற புரோலாக் வடிவத்துக்கு, இமேஜ்கள் கிடைக்கும் இணையக் கிடங்கான டாக்கர் ஹப்பில் அதிகாரபூர்வ இமேஜே இருக்கிறது, பெயர் 'ஸ்விபிஎல்'. புரோலாக் 1972-இல் பிரான்சின் மார்சேயில் பிறந்த மொழி. அதற்குப் பல வடிவங்கள் உண்டு. தொடங்குபவருக்கு நான் சொல்வது ஸ்வி-புரோலாக் ஒன்றைத்தான்.

முதலில் ஒரு ஃபோல்டரில் 'உறவு.பிஎல்' என்று கோப்பு திறந்து இதை எழுதுங்கள். கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாம், பின்னொட்டு மட்டும் ஆங்கிலத்தில்.

அம்மா(வள்ளி, குகன்).
அண்ணன்(முருகேசன், வள்ளி).
மாமா(_மா, _பிள்ளை) :-
    அம்மா(_தாய், _பிள்ளை),
    அண்ணன்(_மா, _தாய்).

அம்மாவின் அண்ணன் மாமா, அவ்வளவுதான் விதி. அத்தை, சித்தப்பா எல்லாம் உங்கள் வீட்டுப்பாடம்.

அடுத்து, அதே ஃபோல்டரில் நின்று இந்தக் கட்டளை. உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள் ('உறவு' மட்டும் தமிழிலேயே):

டாக்கர் ரன் -ஐடி --ஆர்எம் -வி "$பிடபிள்யுடி":/ஆப் -டபிள்யு /ஆப் ஸ்விபிஎல் ஸ்விபிஎல் உறவு.பிஎல்

'ஸ்விபிஎல்' இரண்டு முறை வருவது தட்டச்சுப் பிழை அல்ல. முதலாவது இமேஜ், இரண்டாவது அதற்குள் ஓடவேண்டிய நிரல். ஒன்றை விட்டால், உங்கள் கோப்பையே நிரலாக நினைத்து ஓட்டப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்று டாக்கர் திட்டும். '-ஐடி'யை விட்டால் கன்டெய்னர் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

கேள்விக்குறி வந்ததும் கேளுங்கள்:

மாமா(_யார், குகன்).

'_யார் = முருகேசன்' என்று வரும். கடைசிப் புள்ளியை மறந்தால் புரோலாக் பேசாமல் காத்துக்கொண்டிருக்கும். தொங்கிவிட்டது என்று கன்டெய்னரைக் கொல்லாதீர்கள், புள்ளி வைத்து என்டர் தட்டுங்கள்.

இப்போது சில பெயர்களுக்கு முன்னால் போட்ட அந்தக் கீழ்க்கோட்டுக்கு ('_') வருவோம். என் ஒரு மாலைப்பொழுது முழுக்க இதில்தான் போனது. நான் முதலில் எழுதியது கீழ்க்கோடு இல்லாமல்: மாமா(மா, பிள்ளை). பிழைச்செய்தி எதுவும் இல்லை. 'மாமா(யார், குகன்)' என்று கேட்டால் அமைதியாக 'ஃபால்ஸ்', அதாவது இல்லை. இமேஜ் கோளாறா, கோப்பு உள்ளே போகவில்லையா என்று டாக்கரையே நோண்டிக்கொண்டிருந்தேன். டாக்கர் மேல் தப்பே இல்லை. புரோலாக்கில் பெரிய எழுத்திலோ கீழ்க்கோட்டிலோ தொடங்கினால்தான் மாறி, அதாவது புரோலாக் விடை கண்டு நிரப்பவேண்டிய இடம். மற்றதெல்லாம் மாறாத பெயர். தமிழில் ஏது பெரிய எழுத்து? ஆகவே 'யார்' என்பதை ஓர் ஆளின் பெயராகவே எடுத்துக்கொண்டு, யார் என்பவர் குகனுக்கு மாமா இல்லை என்று நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது!

கோப்பைத் திருத்தினால் கன்டெய்னரை மூடித் திறக்க வேண்டாம். 'மேக்' என்று தட்டிப் புள்ளி வைத்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளும். வெளியேற 'ஹால்ட்', அதற்கும் புள்ளி உண்டு.

எனக்கு டாக்கரைவிட, கன்டெய்னர் ஓட்டும் இன்னொரு மென்பொருளான பாட்மேன்தான் பிடிக்கும். பின்னணியில் ரூட் (முழு அதிகாரம் கொண்ட) சேவை எதுவும் ஓட வேண்டியதில்லை, கட்டளையும் ஏறக்குறைய இதேதான். ஃபெடோரா லினக்ஸில் அனுமதி மறுப்பு வந்தால் '-வி' பகுதியில் உள்ள '/ஆப்' பக்கத்தில் ':இசட்' சேருங்கள், பெரிய எழுத்தில்.

பின்சேர்க்கை: விடை '\xBAE\' மாதிரி எண்களாக வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், வெறும் டெபியன் லினக்ஸ் இமேஜில் தானே புரோலாக்கை நிறுவியிருக்கிறார். அதில் மொழியையும் எழுத்து முறையையும் நிரல்களுக்குச் சொல்லும் 'லாங்' என்ற சூழல் மாறி (கணினி அமைப்பு) காலியாக இருக்கும். 'சி.யுடிஎஃப்-8' என்று அதற்கு மதிப்புக் கொடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் ஓட்டுபவர்கள் '$பிடபிள்யுடி'க்குப் பதில் '%சிடி%' போடுங்கள்.