எஸ்எஸ்ஹெச்டி-ல கை வைக்கிறதுக்கு முன்னாடி: நிறைய பேர் பண்ற தப்புகள்

மொரிஷியஸ்ல இருக்கறவங்களுக்கு சைக்ளோன் வார்னிங் கிளாஸ் 3ன்னா என்னன்னு சொல்லவே வேண்டாம், வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது, அவ்ளோதான். சர்வர் ரூம் எபென்ல இருக்கும், நாம காத்ர் போர்ன்ல ஜன்னலெல்லாம் சாத்திட்டு உக்காந்திருப்போம், அப்போ உள்ள போக இருக்கற ஒரே வாசல் எஸ்எஸ்ஹெச்டி (sshd), தூரத்துலேர்ந்து சர்வர்ல லாகின் பண்ண விடற புரோகிராம். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல கிளாஸ் 2 போட்ட அன்னிக்கு சாயங்காலம், எல்லாரும் கிளம்பினப்புறம், ஒருத்தர் வீட்லேர்ந்து அதோட கான்ஃபிக்ல, அதாவது செட்டிங்ஸ் ஃபைல்ல, ஒரு வரி மாத்தி ரீஸ்டார்ட் கொடுத்துட்டு டெர்மினலையும் மூடிட்டார். வரியில ஒரு எழுத்து தப்பு. பழைய ப்ராசஸ் நின்னுடுச்சு, புதுசு எழுந்திருக்கவே இல்ல. மறுநாள் கிளாஸ் 3. காத்து அடங்கி ரோடு திறந்தப்புறம்தான் ஒருத்தர் நேர்ல போய் கீபோர்டு சொருகி சரி பண்ண முடிஞ்சுது.

இதுக்கு மருந்து ரொம்ப சின்னது. மாத்தினதும் எஸ்எஸ்ஹெச்டி-யை சின்ன டி (-t) ஆப்ஷனோட ஓட்டினா கான்ஃபிக்ல தப்பு இருந்தா அங்கயே சொல்லிடும். கான்ஃபிக் மட்டும் மாத்தினா ரீஸ்டார்ட் வேண்டாம், கான்ஃபிக்கை திரும்ப படிக்க வைக்கற ரீலோட் போதும், டெபியன் லினக்ஸ்ல ரீலோட் பண்றப்போ முதல்ல கான்ஃபிக்கை செக் பண்ணிட்டுதான் மேல போகும், தப்பா இருந்தா பழைய ப்ராசஸ் அப்படியே ஓடும். அப்புறம் இருக்கற செஷனை மூடாம இன்னொரு ஜன்னல்ல புதுசா லாகின் பண்ணிப் பாருங்க, அது உள்ள போனதும்தான் பழசை விடணும். இதை பழக்கமாவே வெச்சுக்கணும், அவசரம்னு சொல்ற அன்னிக்கு கண்டிப்பா.

செக்ல பாஸ் ஆனதாலயே நீங்க நினைச்சது நடந்திருச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்த ஃபைல்ல ஒரே கீவேர்டு ரெண்டு தடவை வந்தா முதல்ல வந்ததுதான் செல்லும், கடைசில வந்தது இல்ல. இப்போ டெபியன், உபுண்டு ரெண்டுலயும் தனி ஃபோல்டர்ல இருக்கற துண்டு ஃபைல்களை உள்ள இழுக்கற இன்க்ளூட் வரி ஃபைலோட மேலயே இருக்கு, கிளவுட் சர்வர்னா பல இடத்துல சர்வரை முதல்ல தயார் பண்ற கிளவுட்-இனிட்ங்கற டூல் போட்ட ஒரு துண்டு ஃபைல் அந்த ஃபோல்டர்ல உக்காந்து பாஸ்வேர்டு லாகினுக்கு யெஸ்னு சொல்லிட்டிருக்கும். நீங்க மெயின் ஃபைலோட அடில போய் நோ-ன்னு எழுதிட்டு பாஸ்வேர்டை மூடிட்டோம்னு நிம்மதியா தூங்குவீங்க, அது திறந்தேதான் கிடக்கும். பாம் (PAM, லாகினை சரிபார்க்கற அமைப்பு) ஆன்ல இருந்தா கீபோர்டு-இன்டராக்டிவ்ங்கற இன்னொரு வழியாவும் பாஸ்வேர்டு உள்ள வரும், அதையும் சேர்த்து மூடணும். பெரிய டி (-T) ஆப்ஷன் போட்டா கடைசியா எந்த மதிப்பு நிக்குதுன்னு முழுசா காட்டும், அதைத்தான் நம்பணும்.

இதெல்லாம் ஒரு சர்வரோட போற தப்பு. பேக்கேஜ் பராமரிக்கிறவங்களும், வேற சிஸ்டத்துல ஓடற மாதிரி மாத்தி போர்ட் பண்றவங்களும் பண்ற தப்பு ஆயிரக்கணக்கான மெஷினுக்கு போகும், அதான் எனக்கு ரொம்ப கவலை. எஸ்எஸ்ஹெச்டி வர்ற ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தொகுப்பு முதல்ல ஓப்பன்பிஎஸ்டி-ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காக எழுதப்படுது, அதுலேர்ந்து மத்த யூனிக்ஸ் சிஸ்டங்களுக்காக ஒரு போர்ட்டபிள் பதிப்பு வருது, வெர்ஷன் நம்பர் கடைசில பி1-ன்னு பாக்கறோமே அதான். ஓப்பன்பிஎஸ்டி-ல சேஃபா இருக்கற ஒரு ஃபங்ஷன் அதே பேரோட வேற லிப்சி-ல (புரோகிராம்கள் நம்பற அடிப்படை சி லைப்ரரி) சேஃபா இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல, போர்ட் பண்றவங்க முதல்ல மறக்கறது இதைத்தான்.

2024 ஜூலைல வெளிவந்த ரெக்ரெஷன் (regreSSHion)ங்கற எஸ்எஸ்ஹெச்டி பாதுகாப்பு ஓட்டையை எடுத்துக்கங்க. லாகின் பண்ண வந்தவங்க குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கலைன்னா, வழக்கமா 120 செகண்டு, ஒரு சிக்னல் வரும், ஓடற வேலையை நடுவுல நிறுத்தி அதை கவனிக்கற சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேர்ந்து, லாக் எழுதற சிஸ்லாக் ஃபங்ஷன் கூப்பிடப்பட்டுச்சு. பெரும்பாலான லினக்ஸ்ல இருக்கற லிப்சி-யான கிளிப்சி-யோட சிஸ்லாக் உள்ள மெமரி ஒதுக்கற வேலையும் நடக்கும், பாதி வேலைல சிக்னல் வந்து திரும்பவும் அதையே தொட்டா மெமரி குலைஞ்சு போகும், வெளியாள் ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் இருக்கற யூசரா, உள்ள வர வழி கிடைக்கும். ஓப்பன்பிஎஸ்டி-ல இது இல்ல, ஏன்னா அங்க அந்த இடத்துல கூப்பிடறது சிக்னலுக்குள்ளயும் பாதுகாப்பான வேற ஃபங்ஷன். இதே ஓட்டையை 2006லயே அடைச்சிருந்தாங்க, 2020ல லாகிங் கோடை மாத்தி எழுதினப்போ ஒரு இஃப்டெஃப் (கம்பைல் பண்றப்போ ஒரு கோடை சேர்க்கவா விடவான்னு சொல்ற வரி) விடுபட்டு, 8.5பி1-லேர்ந்து திரும்ப வந்திடுச்சு. அடுத்த மாசமே ஃப்ரீபிஎஸ்டி-லயும் இதே மாதிரி ஒண்ணு வெளிய வந்துச்சு, தப்பு லாகின் முயற்சிகளை தடுக்கற பிளாக்லிஸ்ட்டி-க்காக அவங்களே சேர்த்த கோடு சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேர்ந்து லாக் எழுதப் போயிருக்கு. அதனால ஒரு பேட்ச் போடறப்போ அந்த கோடு எங்கேர்ந்தெல்லாம் கூப்பிடப்படும்னு பாத்துட்டுதான் போடணும், கம்பைல் ஆகுதேன்னு விட்டுடக் கூடாது.

டெபியன் கதை இன்னும் வலிக்கும். மெமரி தப்புகளை தேடற வால்கிரைண்ட் டூல் வார்னிங் கொடுக்குதுன்னு 2006ல, சாவி உருவாக்க உதவற ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிலேர்ந்து வரிகளை எடுத்தாங்க, அதோட ரேண்டமுக்கான ஆதாரமே போய் ப்ராசஸ் ஐடி மட்டும்தான் மிஞ்சுச்சு, அது அதிகபட்சம் 32,768. 2008 மே மாசம்தான் கண்டுபிடிச்சாங்க, அது வரைக்கும் அந்த மெஷின்கள்ல உருவாக்கின எஸ்எஸ்ஹெச் சாவிகளெல்லாம் ஊகிச்சுடக்கூடிய சாவி. வார்னிங்கை அடக்கறது வேற, அது ஏன் வருதுன்னு புரிஞ்சுக்கறது வேற.

ஃபைலை சுருக்கற எக்ஸ்இசட் (xz) விஷயத்துல எஸ்எஸ்ஹெச்டி கோடுல தப்பே இல்ல. சர்வீஸ்களை கிளப்பி கவனிக்கற சிஸ்டம்டி-க்கு "நான் ரெடி"ன்னு ஒரு சின்ன மெசேஜ் அனுப்பறதுக்காக சில டிஸ்ட்ரோக்கள் (டெபியன் மாதிரி லினக்ஸ் வகைகள்) எஸ்எஸ்ஹெச்டி-யோட லிப்சிஸ்டம்டி-யை இழுத்து கோர்த்தாங்க, அது எக்ஸ்இசட்-டோட லிப்எல்இசட்எம்ஏ லைப்ரரியை இழுத்துச்சு, 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல யாரோ திட்டமிட்டு வெச்ச பின்வாசல் அந்த வழியாத்தான் உள்ள வந்துச்சு. 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கற டெவலப்பர் லாகின் அரை செகண்டு லேட்டாகுதேன்னு தோண்டிப் பார்த்து பிடிச்சார். எனக்கு இதை படிச்சப்போ வயித்தை கலக்குச்சு. நாங்க இந்து மகா சமுத்திரத்து நடுவுலேர்ந்து கடலடி கேபிள் வழியா ஐரோப்பா சர்வருக்கு லாகின் பண்றவங்க, அரை செகண்டு லேட்டானா லைன் ஸ்லோன்னு நினைச்சு விட்டிருப்போம், நிச்சயமா. அந்த ரெடி மெசேஜ் ஒரு சாக்கெட்ல ஒரு வரி எழுதறதுதான், லைப்ரரியே தேவையில்ல, பின்னாடி 9.8-ல ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-லயே அப்படி நேரடியா எழுதிட்டாங்க.

சின்ன ஏஆர்எம் போர்டுக்கு போர்ட் பண்றவங்க கிட்ட இன்னொரு பழக்கம் பார்க்கறேன். லாகின் பண்ணின உடனே கனெக்‌ஷன் அறுந்துடும், பார்த்தா செக்காம்ப் சாண்ட்பாக்ஸ் (கெர்னலை கூப்பிடற சிஸ்டம் கால்கள்ல அனுமதிக்காதது வந்தா ப்ராசஸை நிறுத்தற வேலி) கொன்னிருக்கும், ஏன்னா புது லிப்சி பழைய சிஸ்டம் காலுக்கு பதிலா வேற ஒண்ணை கூப்பிடும், 32 பிட்ல நேரம் பார்க்கற கால்கள்ல இது நடக்கும். உடனே சாண்ட்பாக்ஸையே ஆஃப் பண்ணி பில்ட் பண்ணிடறாங்க. அப்படி பண்ணாதீங்க. எந்த கால்னு லாக்ல நம்பர் வரும், அது ஆபத்தில்லாததுன்னு பாத்துட்டு அந்த ஒண்ணை மட்டும் அனுமதிச்சா போதும். கோடை சோதிக்கற மேக் டெஸ்ட்ஸ் (make tests) ஓட்டறதுக்கும் சோம்பல் படாதீங்க, அந்த போர்டு மேலயே ஓட்டணும்.

அப்புறம் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8-க்கு இன்னும் போகாதவங்களுக்கு ஒண்ணு. அதுல எஸ்எஸ்ஹெச்டி ரெண்டு பைனரியா பிரிஞ்சிருக்கு, லாக்ல லாகின் வரிகள் இப்போ எஸ்எஸ்ஹெச்டி-செஷன்ங்கற பேர்ல வரும், தப்பு லாகின்களை லாக்ல பார்த்து தடுக்கற ஃபெயில்டூபேன்ல பழைய பேரையே தேடற ஃபில்டர் ஒரு வரியும் பிடிக்காம சும்மா உக்காந்திருக்கும். ஆர்ச் லினக்ஸ்ல அந்த அப்டேட்டுக்கு அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணலைன்னா ஓடிட்டிருக்கற பழைய ப்ராசஸ் புது கனெக்‌ஷன் எதையும் ஏத்துக்கல. இங்க ரீஸ்டார்ட்தான் பண்ணணும், செஷன் கையில இருக்கறப்பவே. காவடிக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்த அப்டேட்டை போட்டுட்டு கோயிலுக்கு கிளம்பிடாதீங்க, லீவு முடிஞ்சு வந்து போடுங்க.