டார்ப்ஸ் பாட்: உயரத்துக்கும் வேகத்துக்கும் ஃபிரேம் கணக்குப் போடும் முறை

அமெரிக்கக் கடற்படையின் போர் விமானமாக இருந்த எஃப்-14 டாம்கேட்டின் வயிற்றில், பின்பக்கம் வலப்புறமாக 17 அடி நீள உருளை ஒன்று தொங்கும் படங்கள் உண்டு. பார்த்தால் எரிபொருள் டாங்க் போலத்தான் இருக்கும். அது டார்ப்ஸ் என்ற வேவுப் பாட், அதாவது விமானத்துக்கு வெளியே மாட்டும் கேமராக் கூடு. எடை சுமார் 1,850 பவுண்டு. ஆர்ஏ-5சி விஜிலான்டி, ஆர்எஃப்-8 குரூசேடர் போன்ற தனி வேவு விமானங்களை அமெரிக்கக் கடற்படை ஒதுக்கிவந்த காலத்தில் இடைக்கால ஏற்பாடாக வந்தது. 1981-ல் கப்பலேறியது, இருபது ஆண்டுகளுக்கு மேல் இறங்கவில்லை.

அந்தப் பாடை வைத்து ஓர் ஓட்டத்தை, அதாவது இலக்கின் மேல் படமெடுத்தபடி ஒரு முறை பறப்பதை, திட்டமிடுவது எப்படி என்பதே இங்கே விஷயம். சிமுலேட்டரில் பறப்பவர்களுக்கும் பழைய வேவுப் படங்களை வாசிப்பவர்களுக்கும் இது பயன்படும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பாடுக்குள் முன்னிருந்து பின்னாக நான்கு அறைகள். முதல் அறையில் கேஎஸ்-87 ஃபிரேம் கேமரா. நேர் கீழேயோ முன்சாய்வாகவோ திருப்பலாம். இரண்டாவதில் கேஏ-99 பனோரமா கேமரா. மூன்றாவதில் ஏஏடி-5 அகச்சிவப்பு ஸ்கேனர். கடைசி அறையில் உள்ள கருவி, ஃபிலிமின் ஓரத்தில் நேரம், இடம் போன்ற விவரங்களைப் பதிக்கிறது. எல்லாவற்றையும் இயக்குபவர் பின்னிருக்கை அதிகாரி. முதலில் கற்க வேண்டியது கேஎஸ்-87-இன் கணக்கு. மற்ற இரண்டும் அதிலிருந்தே புரியும்.

முதலில் அளவுவீதம், அதாவது படத்தில் உள்ள நீளத்துக்கும் தரையில் உள்ள நீளத்துக்கும் உள்ள விகிதம். தரையிலிருந்து உள்ள உயரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 6 அங்குல லென்ஸ் என்றால் அரை அடி. 5,000 அடி உயரத்தில் 1:10,000. 500 அடியில் 1:1,000. கேஎஸ்-87-இன் ஃபிரேம் 4.5 அங்குலச் சதுரம். ஆகவே 5,000 அடியிலிருந்து ஒரு ஃபிரேமுக்குள் 3,750 அடி தரை அடங்கும். 500 அடியிலிருந்து வெறும் 375 அடி.

இங்கே ஒரு சோதனை போட்டுப் பாருங்கள். சு-27 என்ற ரஷ்யப் போர் விமானத்தின் நீளம் கிட்டத்தட்ட 22 மீட்டர். 1:10,000 படத்தில் அது 2.2 மில்லிமீட்டர். விமானம் நிற்கிறது என்று சொல்லலாம். இறக்கைக்குக் கீழே என்ன தொங்குகிறது என்று சொல்வது கடினம். அதற்கு 12 அங்குல லென்ஸ் வேண்டும், இல்லையேல் கீழே இறங்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு உயரத்தைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடுத்தது இடைவெளி. இரண்டு படங்களை ஸ்டீரியோ கருவியில் வைத்து முப்பரிமாணமாகப் பார்க்க, தரையின் ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது இரண்டு ஃபிரேம்களில் விழ வேண்டும். அதற்கு அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று கவிய வேண்டும். வழக்கத்தில் 60 விழுக்காடு. அப்படியானால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே விமானம் 40 விழுக்காடு தூரமே நகரலாம். 480 நாட் வேகம் என்பது விநாடிக்கு 810 அடி. 5,000 அடி உயரத்தில் அனுமதிக்கப்பட்ட நகர்வு 1,500 அடி, 1.85 விநாடிக்கு ஒரு படம் போதும். 500 அடியில் நகர்வு 150 அடிதான், விநாடிக்கு 5.4 படம் வேண்டும். 1,000 அடி ஃபிலிம் ரோலில் சுமார் 2,500 ஃபிரேம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், மேலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ரோல் கீழே எட்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். தாழப் பறக்கையில் கேமராவை இலக்குக்குச் சற்று முன்பு போட்டு, தாண்டியதும் அணைப்பது இதனால்தான்.

தாழ்வான ஓட்டத்தில் இன்னொரு தொல்லை, படம் இழுபடுவது. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடி மட்டுமே திறந்தாலும் அதற்குள் விமானம் ஏறக்குறைய 10 அங்குலம் நகர்ந்துவிடும். 1:1,000-ல் அது ஃபிலிமில் கால் மில்லிமீட்டர் கறை. இதைத் தவிர்க்க, ஷட்டர் திறந்திருக்கும்போது பிம்பம் நகரும் அதே வேகத்தில் ஃபிலிமும் நகர்த்தப்படுகிறது. நம் கணக்கில் விநாடிக்கு சுமார் 25 சென்டிமீட்டர். வேகத்தை உயரத்தால் வகுத்து வரும் எண்தான் இதையும் ஆள்கிறது, ஃபிரேம் இடைவெளியையும் ஆள்கிறது. அந்த எண் தவறினால் இரண்டுமே கெடும்.

அது தவறுவது பெரும்பாலும் உயரத்தால். கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கீழே தரையோ 1,500 அடி மேட்டுநிலம். உண்மை உயரம் 3,500 அடி. ஃபிரேமுக்குள் 2,625 அடிதான் அடங்கும், நகர்வோ அதே 1,500 அடி. கவிதல் 43 விழுக்காடாகச் சரிந்து, ஸ்டீரியோவில் ஓட்டைகள் விழும். ஃபிலிமும் தேவையான வேகத்தில் 70 விழுக்காடுதான் நகரும். மலைப்பகுதி என்றால், தரையிலிருந்து உள்ள உயரத்தை நேரடியாக அளக்கும் ரேடார் உயரமானியைத்தான் நம்ப வேண்டும்.

திரும்பும்போது எடுக்கவே கூடாது. 6 அங்குல லென்ஸின் பார்வை இருபுறமும் 20 பாகைக்குச் சற்று மேல்தான். அதைவிடச் சாய்ந்தால் நேர் கீழே உள்ள இடம் ஃபிரேமிலிருந்தே வெளியேறிவிடும், எந்த உயரமானாலும். இறக்கைகள் மட்டமான பிறகே சுவிட்ச்.

கேஏ-99 வேறு ரகம். 9 அங்குல லென்ஸ் ஒரு தொடுவானத்திலிருந்து மறு தொடுவானம் வரை வருடுகிறது. ஒரு முழு வருடலுக்கு ஃபிலிம் 28 அங்குலம். இலக்கு எந்தப் பக்கம் என்று உறுதியில்லாதபோது இதுவே காப்பாற்றும். ஆனால் ஓரத்தில் அளவெடுக்காதீர்கள். 60 பாகை பக்கவாட்டில், பறக்கும் திசையில் அளவு பாதியாகவும் குறுக்கே கால் பங்காகவும் சுருங்கியிருக்கும்.

குளிர்ந்த உயரத்திலிருந்து ஈரமான கடல்காற்றுக்குள் சட்டென்று இறங்கினால் ஜன்னல் கண்ணாடியில் பனி படியும். விமானத்திலிருந்து பதப்படுத்திய காற்று பாடுக்குள் போவது இதற்காகவும்தான். அந்தக் குழாயும் வயரிங்கும் தேவைப்பட்டதால் எல்லா டாம்கேட்டிலும் இந்தப் பாடை மாட்ட முடியவில்லை. மாற்றியமைத்த விமானங்களில் மட்டுமே.

அகச்சிவப்பு ஸ்கேனருக்கு இருட்டு தடையில்லை. புறப்பட்டுப்போன விமானம் நின்ற இடம்கூட, வெயில் படாத குளிர்ச்சியால் கொஞ்ச நேரம் தாரில் நிழலுருவாகத் தெரியும். இதில் ஃபிரேமே கிடையாது, வரிவரியாக வருடிச் சேர்ப்பது. வேகமும் உயரமும் தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தால் பட்டை நெடுக நீண்டோ நசுங்கியோ வரும். படத்தில் வட்டமான எண்ணெய்த் தொட்டி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது முட்டை வடிவில் இருந்தால், திருத்தாமல் எந்த நீளத்தையும் அளக்க வேண்டாம்.