சைக்ஸ் என்ற பெயரின் வேரைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

சைக்ஸ் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரைத் தேடத் தொடங்குபவர்கள், அர்த்தம் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அர்த்தம் சுலபம். 'சைக்' என்றால் வட இங்கிலாந்தில் சிற்றோடை, வயல்களுக்கு நடுவே எல்லை போல ஓடுகிற வாய்க்கால். அதன் கரையில் குடியிருந்தவரை 'டெல் சைக்' என்று எழுதினார்கள், அதுவே பெயராக நின்றுவிட்டது. ஆனால் ஓடை இல்லாத ஊர் ஏது? அதனால் பல ஊர்களில் பலருக்குத் தனித்தனியாக வந்த பெயர், ஒருவருக்கொருவர் சொந்தமே கிடையாது என்று முடிவுகட்டினால், அங்கேதான் முதல் தவறு.

ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே எடுத்துச் சோதித்தார். தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில் குடும்பப் பெயரும், ஆண்களுக்கே உரிய மரபணுத் தொகுதியான ஒய் குரோமோசோமும் ஒன்றுபோலத்தானே? 2000இல் வெளியான முடிவில், 48 சைக்ஸ் ஆண்களில் 21 பேருக்கு ஒரே ஒய் அடையாளம். அதாவது ஏறக்குறைய பாதிப் பேர் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்கிறார்கள்.

சரி, அப்படியானால் எல்லா சைக்ஸும் ஒரே குடும்பமா? அதுவும் தவறு. மீதி 27 பேரை மறந்துவிடாதீர்கள். தத்துப்பிள்ளை, தாய்வழிப் பெயர், வளர்ப்புத் தந்தையின் பெயர், வேறொரு ஓடைக்கரைக்காரர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கணக்கை ஸ்மித் என்ற பெயருக்குப் பொருத்தவே கூடாது, ஸ்மித் என்றால் கொல்லன், கொல்லன் ஊருக்கு ஊர் இருந்தான்.

அடுத்து, பெயர் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம். இன்றைய எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய நகரங்கள்தான் கண்ணில் படும், ஏனென்றால் அங்கே எல்லாப் பெயருமே அதிகம். மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்று பாருங்கள், கூடவே பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வையுங்கள். வட இங்கிலாந்தில் உள்ள யார்க்‌ஷரின் வெஸ்ட் ரைடிங் என்ற மேற்குப் பகுதி, அதிலும் கம்பளி நெசவுக்குப் பேர்போன ஹடர்ஸ்ஃபீல்டுப் பக்கம், அப்பெயர் திரண்டு நிற்பது தெரியும். இன்றும் அந்த அடர்த்தி அங்கே கலையவில்லை, எனக்கு இந்தப் பெயரில் மிகப் பிடித்த விஷயமே அதுதான்.

புகழ்பெற்றவரின் வீட்டை வேராக எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. மத்திய கிழக்கைப் பிரிட்டனும் பிரான்சும் பங்குபோட்டுக்கொள்ளச் செய்த 1916ஆம் ஆண்டு சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தின் மார்க் சைக்ஸ் கிழக்கு யார்க்‌ஷரின் ஸ்லெட்மியரைச் சேர்ந்தவர். அங்குள்ள மாளிகையைக் கட்டத் தொடங்கியதே 1751இல்தான், அதற்குமுன் அவர்கள் வணிகக் குடும்பம். பெயர் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

அமெரிக்காவில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கறுப்பினத்தவர் பலருக்கும் இந்தப் பெயர் உண்டு, நகைச்சுவைக் கலைஞர் வாண்டா சைக்ஸைப் போல. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் எஜமானருடையதாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பெயரை மட்டும் வைத்து யார்க்‌ஷருக்குக் கோடு இழுக்காதீர்கள். அவர்கள் அனைவரையும் பெயரோடு பதிந்த முதல் கணக்கெடுப்பு 1870இல்தான் வந்தது, அதற்கு முந்தைய அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும்.

'சைக்ஸ் குடும்பச் சின்னம்' என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனிமனிதருக்கும் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கும் உரியது, பெயருக்கு அல்ல. அப்புறம், 1538இலிருந்து வரும் திருச்சபைப் பதிவேடுகளில் ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார், ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒரு விதமாகவும் அடக்கத்தில் வேறு விதமாகவும் இருப்பார், ஆகவே 'ஒய்' போட்டதையும் (Sykes) 'ஐ' போட்டதையும் (Sikes) கடைசி 'எஸ்' இல்லாததையும் (Syke) சேர்த்தே தேடுங்கள்.